பூட்டுக்கு வெளியே ஒரு வரி

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நடத்துநர் தோல்பையை முன்பக்கம் தொங்கவிடத் தொடங்கினார். முன்பெல்லாம் அது இடுப்பின் பக்கவாட்டில் கிடக்கும். இப்போது தொப்புளுக்குக் கீழே, ஒரு சின்னக் கதவு மாதிரி.

அவருடையது நெடுந்தூர வண்டி. காலையில் கிளம்பினால் மதியம்தான் மறுகோடி. நடுவில் ஒரே ஒரு நிறுத்தம். அதுவரை அவரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. புராஸ்டேட்டை எடுத்த மருத்துவர் கூடவே வேறு எதையோ எடுத்துவிட்டார் என்று அவருக்குச் சந்தேகம். போய்க் கேட்க வெட்கம்.

ஓட்டுநருக்கு மட்டும் தெரியும். சொல்லித் தெரிந்ததல்ல. ஒருநாள் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில், தோல்பை விலகி ஈரம் தெரிந்ததைப் பார்த்தார். மறுநாளிலிருந்து ஆள் நடமாட்டமில்லாத இடமாகப் பார்த்து வண்டியை ஓரங்கட்டி, "டயர்ல காத்து கம்மியா இருக்கோ?" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்குவார். நடத்துநரும் டயர் பார்க்க இறங்குவார். புதருக்குப் பின்னால் டயர் எதுவும் இருக்காது. அவர் அங்கேதான் போய்ப் பார்ப்பார்.

கொஞ்ச நாள் இப்படி ஓடியது. பிறகு ஒரு பயணி, இந்த வண்டியின் டயர்கள் உயிருக்கு ஆபத்தானவை என்று புகார் எழுதினார். எல்லா டயரும் புதிது. ஓட்டுநரிடம் விளக்கம் கேட்டார்கள். இன்னொரு புகார் வந்தால் இடைநீக்கம் என்றார்கள்.

"விடுங்கண்ணே. எஞ்சின்ல சத்தம்னு மாத்திச் சொல்லிக்கறேன்" என்றார் ஓட்டுநர்.

"உன் சோத்துல நான் மண்ணள்ளிப் போடணுமா?"

நடத்துநர் வண்டியைவிட்டு இறங்கிவிட முடிவு செய்தார். போக்குவரத்துக் கழகக் கிளையின் முன்பதிவுச் சாளரத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதற்கு அடுத்த கதவு கழிவறை. வாழ்க்கையில் அவர் எந்தப் பதவிக்கும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

கிளை மேலாளர் நல்ல மனிதர். யார் போனாலும் உட்காரச் சொல்வார்.

"சார், எனக்கு உடம்புல ஒரு—"

"நிறுத்துங்க!" மேலாளர் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார். "சொல்லிடாதீங்க. உடம்பு விஷயம் ரகசியம். நான் கேட்டுட்டா நான் குற்றவாளி."

"உங்ககிட்ட மட்டும்தான் சார்."

"எங்கிட்ட சொல்றதும் மைக் போட்டுச் சொல்றதும் விதிப்படி ஒண்ணுதான். சுற்றறிக்கை பாக்கலையா?"

சுற்றறிக்கை சுவரில் இருந்தது. ஊழியர்களின் மருத்துவ வேண்டுகோள்கள் அனைத்தும் இனி மறையாக்கம் செய்யப்பட்டு, மின்கையொப்பம் இடப்பட்ட மின்னஞ்சலாக, ஊழியரின் சொந்தக் கைபேசியிலிருந்து தலைமை மருத்துவ அலுவலருக்கு மட்டுமே அனுப்பப்பட வேண்டும். வாய்மொழி, கைக்கடிதம், அழுகை ஆகியவை ஏற்கப்படமாட்டா.

"மறையாக்கம்னா என்ன சார்?"

"கடிதத்தைப் பூட்டி அனுப்பறது. யாருக்குப் போகுதோ அவங்க மட்டும் திறக்கலாம்."

"கையொப்பம்?"

"அனுப்பினது நீங்கதான்னு அதுக்கு ஆதாரம்."

"நான்தான் நேராவே நிக்கறேனே சார்."

"நிக்கறது நீங்கதான்னு என்ன ஆதாரம்?"

மேலாளரின் மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர் நடத்துநர். தன் கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். ஆதாரம் எதுவும் தென்படவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையை வரச் சொன்னார். மாப்பிள்ளைக்குக் கைபேசிக் கடையில் வேலை. மாமனார் தன்னிடம் ஓர் உதவி கேட்பது இதுவே முதல்முறை என்பதால் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"என்ன விஷயமா மாமா மெயில் அனுப்பணும்?"

"லீவு விஷயம்."

"லீவுக்கா இத்தனை பூட்டு?"

"பெரிய லீவு."

சமையலறையில் மனைவி இருமினாள்.

மாப்பிள்ளை அதற்கு மேல் கேட்கவில்லை. ஒரு செயலியை இறக்கினார். அது சாவிகளை உண்டாக்கும் வரை இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப உங்களுக்கு ரெண்டு சாவி இருக்கு மாமா. ஒண்ணு பொதுச் சாவி. அதை ஊருக்கே கொடுக்கலாம். அதால பூட்டத்தான் முடியும். இன்னொண்ணு தனிச் சாவி. திறக்கறதும் கையெழுத்துப் போடறதும் அதாலதான். அது இந்த போனைவிட்டு வெளியில போகவே கூடாது. பெத்த பொண்ணு கேட்டாலும் கொடுக்காதீங்க."

"கட்டின பொண்டாட்டி?"

"அத்தைக்கும் கிடையாது."

"நல்ல நியாயம்" என்றது சமையலறை.

"தனிச் சாவிக்கு ஒரு கடவுச்சொல் வேணும். உங்களுக்கு மறக்கக் கூடாது. வேற யாருக்கும் தோணக் கூடாது. நான் அந்தப் பக்கம் பாக்கறேன், நீங்க போடுங்க."

மாப்பிள்ளை நாற்காலியோடு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். நடத்துநர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு காது மடல் சிவக்க எதையோ தட்டினார். மாப்பிள்ளையின் கைபேசிக்கு ஒரு சோதனை மடல் போயிற்று. "சோதனை" என்பதுதான் அதன் முழு வாசகம். பச்சை நிறத்தில் ஒரு பூட்டும் ஒரு டிக் குறியும் வந்தன.

"அவ்வளவுதான் மாமா. இனி நீங்க எழுதறதை உலகத்துல ஒருத்தன் படிக்க முடியாது."

அன்று இரவு நடத்துநர் நன்றாகத் தூங்கினார்.

மருத்துவ அலுவலருக்குப் பூட்டி அனுப்ப அவருடைய பொதுச் சாவி வேண்டும். அது தலைமை அலுவலகத்தில் பாதுகாப்புப் பிரிவில் இருந்தது. பாதுகாப்புப் பிரிவின் அறைக்குக் கதவு இல்லை. காற்று வரவில்லை என்று கழற்றி வைத்திருந்தார்கள். வரிசையில் நின்றவர்களுக்கு உள்ளே பேசுவது எல்லாம் கேட்டது. அதிகாரி கழுத்தில் மூன்று அடையாள அட்டைகளை மாட்டியிருந்தார்.

"மருத்துவ அலுவலர் அம்மாவோட பொதுச் சாவி வேணும் சார்."

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "அதை அப்படியெல்லாம் கொடுக்க முடியாது."

"பொதுச் சாவின்னா எல்லாருக்கும் கொடுக்கலாம்னு எங்க மாப்பிள்ளை சொன்னார்."

"அதனாலதான் இவ்வளவு பத்திரமா வெச்சிருக்கோம். விட்டா எல்லாரும் எடுத்துட்டுப் போயிருவாங்க." அதிகாரி எழுந்து அலமாரியைத் திறந்தார். "முதல்ல உங்க தனிச் சாவியை ஒப்படைங்க."

"அது போனைவிட்டு வெளியில வரக் கூடாதுன்னு—"

"யோசிச்சுப் பாருங்க. உங்க தனிச் சாவி உங்ககிட்ட மட்டும் இருந்தா அதுக்கு என்ன பாதுகாப்பு? நாளைக்கு நீங்களே அதைப் பயன்படுத்திட்டீங்கன்னா?"

நடத்துநர் கைபேசியை நீட்டினார். ஓர் உதவியாளர் கைபேசியில் வயரைச் செருகித் தனிச் சாவிக்கு ஒரு பிரதி எடுத்தார். அதைப் பென்டிரைவ் எனும் சின்ன நினைவகக் குச்சியில் ஏற்றி, நடத்துநரின் பணி எண்ணை எழுதிக் கட்டி, பலகையில் ஓர் ஆணியில் மாட்டினார். பலகை நடைபாதையைப் பார்த்து இருந்தது. காற்று வரும்போது எல்லாருடைய தனிச் சாவிகளும் ஆடின.

"கடவுச்சொல்?"

"அதைச் சொல்லக் கூடாது இல்லையா சார்?"

"மத்தவங்ககிட்டதான் சொல்லக் கூடாது. சொல்லுங்க."

நடத்துநர் முணுமுணுத்தார்.

"ஃபேன் சத்தத்துல கேக்கலை. சத்தமா."

"பஞ்சுமிட்டாய்" என்றார் நடத்துநர்.

வரிசை மொத்தமும் எட்டிப் பார்த்தது. கல்யாணமான புதிதில், அறைக்குள் மட்டும், மனைவியை அவர் அப்படிக் கூப்பிடுவார். பெண் பிறந்த பிறகு அதையும் விட்டுவிட்டார்.

"நடுவுல இடைவெளி உண்டா?"

"இல்லை சார். சேர்த்துதான்."

அடுத்தது சரிபார்ப்பு. சாவியின் அடையாளக் கோவையை ஊழியர் வாய்விட்டுப் படிக்க வேண்டும், அதிகாரி தன் திரையில் ஒப்பிட வேண்டும், இரண்டு சாட்சிகள் தலையாட்ட வேண்டும். எழுத்தும் எண்ணுமாக அது நீண்டது. நடத்துநருக்கு நடுவில் அவசரமாயிற்று. போய்விட்டு வந்தார். இடையில் ஆள் மாறியிருக்கலாம் என்பதால் முதலிலிருந்து படிக்கச் சொன்னார்கள். மறுபடியும் போய்விட்டு வந்தார். மறுபடியும் முதலிலிருந்து. மூன்றாவது தடவை கால்களைப் பின்னிக்கொண்டு கடைசிவரை படித்து முடித்தார். சாட்சிகள் தலையாட்டினார்கள்.

மருத்துவ அலுவலரின் பொதுச் சாவியை, யாருக்கும் காட்ட மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள்.

கிளைக்குத் திரும்பியதும், நிறுத்தி வைத்திருந்த வண்டியில் தனியாக ஏறி, கடைசி இருக்கையில் உட்கார்ந்து நடத்துநர் மடலை எழுதினார். அறுவையிலிருந்து புதர் வரை எதையும் விடவில்லை. இவ்வளவையும் எழுதிப் படித்தபோது இது வேறு யாருக்கோ நடந்தது போல இருந்தது. பொருள் என்ற இடத்தில் 'தனிப்பட்டது' என்று போட்டார். பூட்டினார். கையொப்பம் இட்டார். அனுப்பினார்.

திரும்பி வந்தது. பொருள் தெளிவாக இல்லை.

'மருத்துவ வேண்டுகோள்' என்று மாற்றினார். திரும்பி வந்தது. எந்த உறுப்பு எனக் குறிப்பிடவும்.

பாதுகாப்புப் பிரிவு அதிகாரியைத் தொலைபேசியில் பிடித்தார்.

"உள்ள எல்லாம் விவரமா எழுதியிருக்கேன் சார்."

"உள்ள என்ன இருக்குன்னு எங்களுக்குத் தெரியாதே. தெரியவும் கூடாது. உங்க நன்மைக்குத்தான். அதனால உள்ள என்ன இருக்குன்னு வெளியில எழுதிடுங்க."

"வெளியிலன்னா?"

"பொருள் வரியில. முழுசா. நோய், உறுப்பு, கோரிக்கை மூணும் வரணும்."

"எல்லாம் பூட்டுக்குள்ளதானே சார் போகும்?"

"கடிதம் பூட்டுக்குள்ள போகும்" என்றார் அதிகாரி. அவர் பொய் சொல்லவில்லை.

நடத்துநர் பொருள் வரியை மீண்டும் எழுதினார். 'புராஸ்டேட் அறுவைக்குப் பின் சிறுநீரை அடக்க இயலாமையால், நெடுந்தூர வண்டியிலிருந்து முன்பதிவுச் சாளரத்துக்குப் பணிமாற்றம் கோருதல்.' மேலேயே எல்லாம் வந்துவிட்டது. இதையே கீழேயும் ஒருமுறை எழுதக் கூச்சமாக இருந்தது. கீழே எழுதியிருந்ததை அழித்துவிட்டு, 'மேற்கண்ட பொருள் குறித்து ஆவன செய்யும்படி வேண்டுகிறேன்' என்று மட்டும் வைத்தார்.

பச்சைப் பூட்டு வந்தது. டிக் குறி வந்தது. மடல் திரும்பவில்லை.

கை கழுவிவிட்டு ஓய்வறைக்குப் போனார். ஓய்வறையில் வண்டிகள் புறப்படும் நேரம் காட்டும் ஒரு பெரிய திரை உண்டு. வெளிப்படைத்தன்மை கருதி, வந்து சேர்ந்த பாதுகாப்பான மடல்களின் விவரத்தையும் அதில் காட்ட வேண்டும் என்று சுற்றறிக்கையின் பின்பக்கத்தில் இருந்தது. பின்பக்கம் சுவரைப் பார்த்து ஒட்டப்பட்டிருந்தது.

திரையில் அவருடைய பணி எண், கிளை, புகைப்படம். பக்கத்தில் பொருள், முழுசாக. நீளமாக இருந்ததால் வலமிருந்து இடமாக நகர்ந்துகொண்டிருந்தது. 'உள்ளடக்கம்' என்ற கட்டத்தில் மட்டும் ஒரு பூட்டின் படம். ஆவன செய்யும்படி வேண்டுவதை யாராலும் படிக்க முடியவில்லை.

ஓட்டுநர் திரைக்கு முன்னால் ஒரு பெஞ்சின் மேல் ஏறி, கையை விரித்து நின்றுகொண்டிருந்தார். திரை அவரைவிட அகலம்.

"ஏறி நின்னு என்ன பண்றே?"

"டியூப்லைட் பாக்கறேண்ணே."

"இறங்கு. விழுந்து தொலைக்காதே."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் திட்டியிருப்பார். வாயாடி என்று பேர்பெற்ற ஒரு நடத்துநர் எழுந்து தன் நாற்காலியைத் துடைத்து அவர் பக்கம் நகர்த்தினார். "உக்காருங்கண்ணே" என்றார். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

எல்லாக் கிளைகளிலும் அதே திரை. மறுகோடியிலிருந்த கிளையில் ஒருவர் அவரிடம் ஒரு கஷாயத்தின் செய்முறையை எழுதிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. பணிமாற்றம் என்று நினைத்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். அது பாராட்டு விழா. கழகத்தின் முதல் பாதுகாப்பான மடலை அனுப்பியவர் அவர்தான். மற்றவர்கள் யாரும் சரிபார்ப்பைத் தாண்டவில்லை.

அவரை முதல் வரிசையின் நடுவில், தலைமை மருத்துவ அலுவலருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பாதுகாப்பு பற்றிய கூட்டம் என்பதால் கதவுகளைச் சாத்தித் தாழிட்டார்கள். அதிகாரி ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இந்தக் கடிதத்தை உலகத்துல எந்தத் திருடனும் படிக்க முடியாது. நானே முயற்சி பண்ணேன். அம்மாவோட தனிச் சாவி எங்ககிட்டதான் இருக்கு. இருந்தும் முடியலை, ஏன்னா எந்த ஆணியில இருக்குன்னு எங்களுக்கே தெரியலை. அதுதாங்க பாதுகாப்பு! ஒரு ஊழியரோட மானம் எங்களுக்கு அவ்வளவு முக்கியம். வெளியில தெரியறது இந்த ஒரே ஒரு வரிதான்."

அந்த வரியை வாசித்தார். ஒலிபெருக்கி கிரீச்சிட்டது. சரிசெய்துவிட்டு மறுபடி வாசித்தார். கைதட்டினார்கள்.

அதன் பிறகு மூன்று பேர் பேசினார்கள். நடத்துநர் முதல் ஆள் பேசும்போது கதவைப் பார்த்தார். இரண்டாவது ஆள் பேசும்போது தரையைப் பார்த்தார். மூன்றாவது ஆள் பேசும்போது எதையும் பார்க்கவில்லை. கால்சட்டையின் நிறம் மாறியது. அன்று தோல்பை இல்லை. விழாவுக்கு எதற்கென்று வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

மேடைக்குக் கூப்பிட்டார்கள். போனார். சான்றிதழைக் கொடுத்தார்கள். இரண்டு கைகளாலும் வாங்கி இடுப்புக்குக் கீழே பிடித்துக்கொண்டார்.

"மேல தூக்குங்க சார்" என்றார் புகைப்படக்காரர். "நெஞ்சுக்கு நேரா."

நடத்துநர் அசையவில்லை.

"எழுத்து தெரியணும் சார். இன்னும் மேல. இன்னும்."

தூக்கினார்.

கீழே வந்ததும் மருத்துவ அலுவலரின் முன்னால் போய் நின்றார். மறைக்க எதுவும் மிச்சமில்லை.

"அம்மா, இப்ப நீங்களே பாத்துட்டீங்க."

மருத்துவ அலுவலர் அவருடைய முகத்தை மட்டும் பார்த்தார். கஷ்டப்பட்டுத்தான் பார்த்தார். "உங்க மெயிலை என் போன்ல இருக்கற சாவியால ஒருவழியா திறந்துட்டேன். உள்ள நோய் பத்தி ஒரு வார்த்தை இல்லையே. 'மேற்கண்ட பொருள்'னு போட்டிருக்கீங்க. மேற்கண்டது பூட்டுக்கு வெளியில இருக்கு. வெளியில இருக்கறதை வெச்சு நான் முடிவெடுக்க முடியாது."

"கண்ணால பாத்ததை வெச்சு?"

"அதுல உங்க கையொப்பம் இல்லை" என்றார் அவர், கொஞ்சம் மெதுவாக.

கழகத்தின் செய்தி மடலில் புகைப்படம் வந்தது. ஊழியரின் மருத்துவத் தகவலைக் காக்கும் பொருட்டு இடுப்புக்குக் கீழே மங்கலாக்கியிருந்தார்கள். முகமும் சான்றிதழிலிருந்த பெயரும் தெளிவாக இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை தானாகவே வந்தார்.

"லீவு கிடைச்சுதா மாமா?"

நடத்துநர் அவரைப் பார்த்தார். செய்தி மடல் எல்லார் கைபேசிக்கும் போயிருந்தது. மாப்பிள்ளை கண்ணை இமைக்காமல் உட்கார்ந்திருந்தார். லீவைப் பற்றித்தான் கேட்கிறார் என்று யாராக இருந்தாலும் நம்பிவிடுவார்கள்.

"லீவு இல்லை மாப்பிள்ளை. எனக்கு ஒண்ணுக்கு அடக்க முடியலை."

"சரி மாமா."

"வண்டியில நிக்க முடியலை. சில நாள் நனைச்சுடறேன்."

"சரி மாமா."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. சொல்லி முடிக்க இவ்வளவு நேரம்தான் ஆகும் என்று நடத்துநருக்கு அதுவரை தெரியாது.

"நான் இப்ப சொன்னதை அப்படியே எழுதி அனுப்பணும். பூட்டு வேணாம். கையெழுத்தும் வேணாம். சாதா மெயில். அந்த அம்மாவுக்கு, மேலாளருக்கு, பாதுகாப்பு சாருக்கு, எல்லாக் கிளைக்கும். தெரியாதவங்கன்னு யாரும் விட்டுப்போயிடக் கூடாது."

"பொருள் வரியில என்ன போட?"

"ஒண்ணும் போடாதீங்க. காலியா விடுங்க."

மறுநாளே விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி மேசையில் மடலின் அச்சுப் பிரதியைக் கவிழ்த்து வைத்திருந்தார். மூன்று அடையாள அட்டைகளும் மூச்சு வாங்கின.

"பூட்டு இல்லை. கையொப்பம் இல்லை. ஒரு ஊழியரோட மருத்துவ ரகசியத்தை இப்படி ஊருக்கே பரப்பியிருக்கீங்க. அந்த ஊழியரோட மனசு என்ன பாடுபடும்னு நினைச்சுப் பாத்தீங்களா?"

"அந்த ஊழியர் நான்தான் சார்."

"அதுக்கு என்ன ஆதாரம்? கையொப்பம் இல்லையே." அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "மருத்துவத் தகவலைப் பூட்டாம அனுப்பினவர் கழகத்தோட எந்த வண்டியிலயும் ஏறிப் பணி செய்யக் கூடாது. ஒரு மாசம். அந்த ஒரு மாசமும் மேலாளரோட பார்வையில, கண்ணாடிக்குப் பின்னால உக்கார வைக்கணும். உங்க கிளையில அப்படி என்ன இடம் இருக்கு?"

"முன்பதிவுச் சாளரம் சார்."

"அங்கயே கிடங்க. புத்தி வரட்டும்." அதிகாரி புத்தகத்தை மூடினார். "உங்க வயசுக்கு இதெல்லாம் எழுத வெக்கமா இல்லை?"

"இருக்கு சார்."

"அப்புறம் ஏன் செஞ்சீங்க? காரணத்தைச் சொல்லுங்க, பதிவு பண்ணணும்."

நடத்துநர் வாயைத் திறந்தார். கால்களைப் பின்னிக்கொண்டார். சட்டென்று எழுந்து, கதவில்லாத வாசல் வழியாக வேகமாக வெளியே போனார்.

அதிகாரி கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு எழுதினார்: 'விசாரணையின் நடுவே, காரணம் எதுவும் கூறாமல் வெளியேறினார். இந்த ஒழுங்கீனத்தைக் கருதி, ஒரு மாதத் தண்டனை, பணி ஓய்வு பெறும் நாள் வரை நீட்டிக்கப்படுகிறது.'